களவோவியமா, களத்தோவியமா?

வணக்கம்.

காட்சி இருக்கும் இடத்துக்கே போய், வெளியில் நின்று, கண்முன் பார்த்து வரைகிற முறைக்குப் பிரெஞ்சில் 'பிளேன் ஏர்' என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், 'திறந்தவெளி ஓவியம்' என்று வைத்து முடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு ஒட்டவில்லை. திறந்தவெளி என்றதும் நமக்கு அரங்கு, சிறைச்சாலை, கழிப்பிடம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதைப் பொறுத்துக்கொண்டாலும், பாலத்துச் சுவரிலும் பள்ளிக்கூட மதிலிலும் வரைந்திருப்பதைத்தான் அந்தச் சொல் காட்டும். 'வெளிப்புற ஓவியம்' சினிமாப் படப்பிடிப்பு மாதிரி இருக்கிறது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லில் காற்றும் வெளியும் இருப்பது உண்மைதான், ஆனால் நாம் சொல்லுக்கா பெயர் வைக்கிறோம், வேலைக்குத்தானே?

வேலை என்னவென்று சொல்கிறேன். கோவளம் கரையில் காலை ஆறரைக்குப் பெட்டியைத் திறந்தால் கட்டுமரத்தின் நிழல் நீண்டு நீலமாகக் கிடக்கும். எட்டு மணிக்கு அந்த நிழல் பாதி சுருங்கிவிடும், மணல் வெளுத்துக் கண் கூசும், ஆறரைக்குக் கலந்து வைத்த நீலம் இப்போது எதற்கும் உதவாது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். ஆயில் கலர் அதற்குள் காயாது, அதனால் ஈரத்தின் மேலேயே ஈரத்தைப் போடவேண்டும், கொஞ்சம் அழுத்தினால் அடியில் இருக்கிற நிறம் கிளம்பி வந்து எல்லாம் சேறாகிவிடும். நடுவில் கடற்காற்று கேன்வாஸைப் பாய் மாதிரி பிடித்து இழுக்கும். நான் கேன்வாஸைத் தாங்கும் ஸ்டாண்டின் நடுவில் ஒரு பையில் மணலை அள்ளித் தொங்கவிடுவேன். (ஸ்டாண்டை 'ஈசல்' என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, மழை விட்டதும் பறக்குமோ என்று!)

அப்புறம் மணல். ஆயில் கலரில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும். அதற்கு நாள்கணக்காகும், அதுவரை மணல் விழுந்தது விழுந்ததுதான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்சின் துரூவில் கடற்கரையில் வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அதன் வண்ணத்துக்குள் இன்றும் மணல் துகள் உண்டு. கரையிலேயே நின்று வரைந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1885இல் பிரான்சிலேயே எத்ரெத்தா என்ற கடற்கரை ஊரின் பாறைகளுக்கு அடியில் ஓதம் ஏறும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு, அலை அவரையே அடித்துப் போட்டு, படத்தையும் வண்ணப் பலகையையும் கொண்டுபோனது.

இந்த வேலைக்கு நான் சொல்லும் பெயர் 'களம்' என்பதிலிருந்து வருகிறது. களப்பணி, களஆய்வு என்று ஏற்கெனவே புழங்குகிற சொல், 'இடத்துக்கே போய்ச் செய்வது' என்ற பொருள் யாருக்கும் விளக்காமலே விளங்கும். ஆனால் ஒரு சிக்கல். களம் + ஓவியம் என்பதை இலக்கணப்படி சேர்த்தால் மகரம் கெட்டு, வகரம் தோன்றி, 'களவோவியம்' ஆகிவிடும். திருட்டுப் படம்! 'கள ஓவியம்' என்று பிரித்து எழுதித் தப்பிக்கலாம், பேசும்போது என்ன செய்வது? 'மரத்தை' என்பதில் நடுவே வருகிற 'அத்து'ச் சாரியையைக் கூப்பிட்டால் 'களத்தோவியம்' கிடைக்கிறது. வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே நிற்கிறது.

கடற்கரைக் காட்சிகளுக்கு மட்டும் 'நெய்தலோவியம்' என்று வைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது, அது அழகான சொல், எனக்கும் ஆசைதான். நிலமும் பொழுதும் சேர்ந்துதான் கவிதைக்கு முதற்பொருள் என்று வைத்தவர்கள் நம்மவர்கள், நெய்தலுக்கு எற்பாடு, அதாவது வெயில் சாயும் நேரம், என்று பொழுதையும் குறித்து வைத்தார்கள், வெளிச்சத்தைத் துரத்துகிற ஓவியருக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஆனால் அறைக்குள் மின்விசிறிக்கடியில் போட்டோவைப் பார்த்து வரைந்த கடலும் நெய்தலோவியம்தான். வரையப்பட்ட பொருளுக்கு அது பெயராகலாம், வரைகிற முறைக்கு ஆகாது. மோனேயின் துரூவில் படம் நெய்தல் பொருளில் அமைந்த களத்தோவியம். இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்து திருத்தினால் அது களத்தோவியமா என்று கேட்பீர்கள். மோனேயே பல படங்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மெருகேற்றியவர். வெளிச்சத்தின் முடிவுகளெல்லாம் களத்தில் எடுத்திருந்தால் போதும் என்பது என் கட்சி. ஓரத்தில் நாலு தூரிகை இழுப்புக்காகப் பெயரைப் பறிக்கவேண்டாம்.

வண்ணம் அடைத்து வருகிற 'டியூப்'புக்குப் புதுப்பெயர் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கும்வரை பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். குத்தி எடுத்தால் சரியாக மூடமுடியாது, கரைக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. டியூப் வந்த பிறகுதான் இந்த வழக்கம் பரவியது, கடைக்காரரிடமும் அதைச் சொல்லித்தான் கேட்கிறோம். 'பொஷாட் பெட்டி'க்கு, அதுதான் மடியிலோ முக்காலியிலோ வைத்து வரைகிற சின்ன மரப்பெட்டி, 'களப்பெட்டி' சரிவருமா? எனக்கு அரைமனதுதான், ஏதோ போலீஸ்காரர் தடயம் சேகரிக்கிற பெட்டி மாதிரி ஒலிக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.