டோக்கியோவில் வசந்தம் வருகிறது என்றாலே எனக்குப் பயம். உங்கள் வீட்டில் எப்படி?

எடொகாவா_அம்மா கேட்டது:

வணக்கம். நாங்கள் நிஷி-கசாயில் இருக்கிறோம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் "உங்களுக்கென்ன, சகுரா (செர்ரிப் பூ) சீசன், கொடுத்து வைத்தவர்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கோ பிப்ரவரி பாதி தாண்டினால் கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், ராத்திரி மூக்கடைத்துத் தூக்கமே கிடையாது, துணியைக்கூட பால்கனியில் காயப்போட முடியவில்லை. என் கணவர் நேர்மாறு. பூ எப்போது மலரும் என்ற முன்னறிவிப்பை ஜனவரியிலிருந்தே பார்ப்பார், உஎனோ பூங்காவில் நீலப் பாய் விரித்து நண்பர்களோடு நாள் முழுக்க உட்காரவேண்டும், நான் வரவில்லை என்றால் முகம் வாடிவிடும். இந்த வருடம் மகளும் அழுகிறாள், அவளுடைய நெருங்கிய தோழியின் அப்பாவுக்கு ஒசாகாவுக்கு மாற்றல். இங்கே எல்லோரும் உண்மையிலேயே வசந்தத்தை ஆசையாக எதிர்பார்க்கிறார்களா, இல்லை வெளியே சொல்வதில்லையா?

மலைப்பாதை:

சகோதரி, வெளியே சொல்கிறார்கள். என் அலுவலகத்தில் வருடத்தின் முதல் பலத்த தென்காற்று வீசியதாகச் செய்தியில் சொன்ன உடனே பாதிப்பேர் முகம் சுருங்கும். 2019இல் காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தினரிடமும் நாடு முழுக்க எடுத்த கணக்கில் பத்துக்கு நான்கு பேருக்கு சுகி என்ற ஊசியிலை மரத்தின் மகரந்த ஒவ்வாமை இருந்தது. சகுரா இதற்குக் காரணமில்லை. போர்க்காலத்தில் காடுகளை வெட்டித் தீர்த்தார்கள், போர் முடிந்ததும் கட்டுமானத்துக்கு மரம் வேண்டும் என்று வேகமாக, நெடுநெடுவென்று வளரும் சுகியை மலை மலையாக நட்டார்கள், அது வளர்ந்து வெட்டும் பருவத்துக்கு வருவதற்குள் வெளிநாட்டு மரம் மலிவாக வந்துவிட்டது. வெட்ட ஆளில்லாமல் நின்ற மரங்கள்தான் இன்றைக்குக் கொட்டுகின்றன, சுமார் 44 லட்சம் ஹெக்டேர். அது ஓய்வதற்குள் ஹினோகி மரம் ஆரம்பித்து மே வரை இழுக்கும். 2023இல் அரசாங்கம் 30 வருடத்தில் மகரந்தத்தைப் பாதியாக்குவோம் என்று அறிவித்தது. இவ்வளவு பேர் அவதிப்படும்போது இது மிக மெதுவான இலக்கு என்பது என் கருத்து.

சப்போரோ_தமிழன்:

நான் எதிர்க்கட்சி. நவம்பரிலிருந்து வாசலில் பனியை வாரிக் கொட்டியவனிடம் வசந்தம் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்! இங்கே சகுரா ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்க விடுமுறையிலோதான் வரும், அந்த முதல் வெதுவெதுப்பில் பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டி எல்லாம் நாற்காலி போட்டு வெளியே உட்கார்ந்துவிடுவார்கள். சுகி மிகக் குறைவு. பிர்ச் மர மகரந்தம் உண்டு, அது வேறு தொல்லை, அதனால் ஒவ்வாமைக்காக இங்கே குடிவரச் சொல்ல மாட்டேன்.

பள்ளிவாசல்_மரம்:

எல்லோரும் மூக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் மகளைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பள்ளியாண்டும் நிதியாண்டும் மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகின்றன, மாற்றல் உத்தரவு, வீடு மாற்றும் லாரி, பிரிவுபசாரம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும். ஜப்பானியர்களுக்கே சகுரா என்றால் பாதி சந்தோஷம், பாதி பிரிவு. நம் பழம்பாடல்களிலும் மா தளிர்த்துக் குயில் கூவும்போதுதான் சொன்ன நாளில் வராதவனை நினைத்துத் தலைவி உடைந்துபோகிறாள். அதனால் "பூவைப் பார், அழாதே" என்று மட்டும் குழந்தையிடம் சொல்லாதீர்கள். அழட்டும்.

இன்னொன்று. முன்பெல்லாம் டோக்கியோ பூக்கள் ஏப்ரல் பள்ளிச் சேர்க்கை விழாவோடு சேர்ந்து வரும், இப்போது வெப்பம் கூடி மார்ச் கடைசிக்கே வந்துவிடுகிறது. கியோட்டோவில் 2021இல் மார்ச் 26க்கே முழுவதும் மலர்ந்தது, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு வருடப் பதிவுகளில் அதுதான் முந்தியது. அதாவது பூ வரும் நேரமும் வகுப்பு முடியும் நேரமும் இப்போது நெருங்கிவிட்டன. பெரும்பாலான மரங்கள் ஒட்டுக்கட்டிய ஒரே வகை, சேர்ந்து பூத்துச் சேர்ந்து உதிரும், ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். டோக்கியோவுக்கு அளவுகோலாக வைத்திருக்கும் யசுகுனி கோயில் மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததாக அறிவிப்பு வந்த அன்றே நாளைக் குறித்துத் தோழியை அழைத்துப் போங்கள்.

மருந்துப்பெட்டி:

கணவருக்காக ஒரு யோசனை. நாள் முழுக்க உட்கார வேண்டாம், வெயில் ஏறுமுன் போய்த் திரும்பிவிடுங்கள், மத்தியானமும் சூரியன் மறையும் நேரமும்தான் மகரந்தம் அதிகம். மழை பெய்த மறுநாள் காற்றடித்து வெயில் காய்ந்தால் வீட்டிலேயே இருங்கள். மாத்திரையைத் தும்மல் ஆரம்பித்த பிறகு தேடாமல் சற்று முன்பே தொடங்குவது நல்லது. நாக்கடியில் வைக்கும் சுகி மாத்திரைச் சிகிச்சை காப்பீட்டிலேயே கிடைக்கிறது, ஆனால் மூன்று வருடமாவது விடாமல் எடுக்கவேண்டும், மகரந்தம் இல்லாத ஜூன் முதல் டிசம்பருக்குள்தான் ஆரம்பிப்பார்கள். மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எடொகாவா_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஜூனில் மருத்துவரைப் பார்க்கிறேன். தோழியின் அம்மாவிடம் பேசிவிட்டேன், சாமான் லாரி வருவதற்கு முந்தைய சனிக்கிழமை காலையில் இரண்டு குழந்தைகளையும் கூட்டிப்போகிறோம், கணவரும் உஎனோவை விட்டுவிட்டு வருகிறார். பக்கத்தில் ஷின்கவா கரையா, கசாய் கடலோரப் பூங்காவா, எங்கே கூட்டம் குறைவு?