பதின்பருவப் பிள்ளைகளுக்கு நாட்டார் கதைகளைக் கொண்டு தமிழ் கற்பிக்க முடியுமா?

வினா:
வணக்கம். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றில் 13 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேன். வீட்டில் பெற்றோர் பேசும் தமிழ் அவர்களுக்கு விளங்குகிறது. ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பாட்டி வடை சுட்ட கதையை எடுத்தால், அது சின்னப் பிள்ளைகளின் கதை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த வயதினருக்கு நாட்டார் கதைகள் உண்மையிலேயே உதவுமா?

மறுமொழி 1:
உதவும், ஆனால் வாசிப்புப் பாடமாகக் கொடுத்தால் உதவாது, வாயால் சொல்லவைக்க வேண்டும். தன் பெயரை மறந்த ஈ, “கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா” என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு போகும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தொடர் முழுவதையும் சொன்ன பிறகுதான் புதியதொன்றைச் சேர்க்கலாம் என்பதால், பெரிய பிள்ளைகளும் அதைப் போட்டியாகவே எடுத்துக்கொள்வார்கள். ‘கன்றே’, ‘இடையா’ என்னும் விளிவேற்றுமை அதில் தானாகப் பழகிவிடும். அதைவிட முக்கியமானது, ‘தாயை மேய்க்கும் இடையன்’, ‘புல்லைத் தின்னும் குதிரை’ என வரும் பெயரெச்சம். பெயரை விளக்கும் இத்தகைய தொடர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வருவதால், என் மாணவர்கள் இங்கேதான் மிகவும் தடுமாறினார்கள். கதை முடிந்ததும் பேருந்து, பள்ளி, பனி என்று தங்கள் ஊரை வைத்தே புதிய சங்கிலியொன்றைக் கட்டச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
‘ஆம்’ விகுதியையும் கவனியுங்கள். “ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தாராம்” என்னும்போது, நான் கண்டதையல்ல, கேட்டதையே சொல்கிறேன் என்ற பொருள் அந்த விகுதியிலேயே வந்துவிடுகிறது. 14 வயதான என் மகள், அம்மம்மாவிடம் தொலைபேசியில் கதை கேட்டு, அதைப் பதிவுசெய்து வகுப்பில் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அது கைவந்தது. ‘உம்’ கொட்டாவிட்டால் அம்மம்மா கதையை நிறுத்திவிடுவார் என்பதால், அவள் முழுவதையும் காது கொடுத்துக் கேட்டாள்.

மறுமொழி 3:
கொழுக்கட்டை என்ற பெயரை வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவன், வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று சொல்லி அதை மறந்துபோகும் கதை, சொல்லைத் தேடித் தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. ஆனால் அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அவன் மனைவியை அடிக்க, கொழுக்கட்டை போல எழுந்த வீக்கத்தைப் பார்த்த பிறகே பெயர் நினைவுக்கு வருகிறது. சிறுவர்களுக்கு அந்த முடிவை நான் சொல்வதில்லை. உங்கள் மாணவர்களிடமோ அதை மறைக்காமல் சொல்லி, கதை முழுவதையும் அந்த மனைவியின் வாய்மொழியாகத் திருப்பி எழுதச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் கதை என்ற பேச்சு அன்று எழாது.