டபுள் லிஃப்ட் பழகியவர்களே, மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லுங்கள்

கடற்காற்று:

டபுள் லிஃப்ட் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டு சீட்டை ஒரே சீட்டு மாதிரி திருப்புவது, சொல்ல இரண்டு நொடி, என் கைக்கு வர நாலு மாதம். ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் உட்கார்ந்து திருப்பிக்கொண்டே இருப்பேன், வீட்டில் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்கள். போன மே மாதம் அக்காவும் அத்தானும் பிள்ளையோடு பாண்டிச்சேரி வந்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் இல்லையா, காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி எல்லோரும் நின்றோம். சரி, இன்றைக்குக் காட்டிவிடலாம் என்று சீட்டுக்கட்டை எடுத்தேன்.

மேலே கிளாவர் ஏழு, அதற்கு அடியில் ஆட்டின் ராணி. இரண்டையும் சேர்த்துத் திருப்பி ராணியைக் காட்டினேன். அந்த நொடி பார்த்து ஒரு காற்று. ராணி ஒரு நூல் நகர்ந்தது, அவள் தோளுக்குப் பின்னால் ஏழின் மூலை கறுப்பாக எட்டிப் பார்த்தது. அரை நொடி இருக்குமா, அதுகூட இருக்காது. மூடிவிட்டு, மேல் சீட்டை நடுவில் செருகி, சொடக்குப் போட்டு, ராணி மேலே வந்துவிட்டாள் பார் என்று முடித்தேன். அத்தான் வாயைப் பிளந்தார். முதலில் கை தட்டியது ஒன்பது வயசு அக்கா மகள்தான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது முன்னால் நின்றுகொண்டு, தலையைத் திருப்பாமல் கேட்டாள்: "மாமா, அந்த ஏழு எதுக்கு ராணிக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சு?"

பார்த்துவிட்டுத்தான் கை தட்டியிருக்கிறாள். அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

மஞ்சக்குப்பத்தான்:

உங்களுக்குக் காற்று, எனக்குப் புயல். தானே புயல் அடித்தது 2011 டிசம்பர் 30 காலையில், அதற்கப்புறம் கடலூரில் கரண்ட் எப்போது வந்தது என்று எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை விடுங்கள். வேலை இல்லை, டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாம் பழகினேன், அதாவது மேல் சீட்டை உள்ளங்கையில் ஒளித்துக்கொள்வது. தெருப் பெரியவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் ரம்மி போடுவார்கள். ஆட்டம் முடிந்து அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கட்டை எடுத்து வித்தை காட்டினேன்.

நன்றாகத்தான் போனது. மூன்றாவது வீட்டு மாமா மட்டும் ஒன்றும் பேசாமல் கட்டைக் கேட்டு வாங்கித் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் கையைத் தொடைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன், வேர்வையில் சீட்டு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி உதறினாலும் விழாது. ஐம்பத்தொன்று. அதோடு நிறுத்தி என் முகத்தைக் கூடப் பார்க்காமல் கட்டை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு இருந்து இன்றுவரை எங்கள் தெரு ரம்மியில் எனக்குச் சீட்டுப் போடுவதில்லை. ஒரு தடவைகூட நான் ஆட்டத்தில் கை வைத்தது கிடையாது, சத்தியமாக.

விரல்வித்தை:

முதல் பதிவு போட்டவருக்கு. காற்றின் மேல் பழி போடாதீர்கள் நண்பரே. கடலைப் பார்த்து நின்றீர்களா, கடலுக்கு முதுகு காட்டி நின்றீர்களா? சாயங்காலக் காற்று கடலிலிருந்துதான் வரும், முதுகைக் காட்டி நின்றிருந்தால் உங்கள் உடம்பே மறைத்திருக்கும். அடுத்து, இரண்டு சீட்டும் பிரிந்தது பிடி தளர்வாக இருந்ததால். கட்டை விரலும் நடுவிரலும் பிடிக்கும்போது நீளவாக்கில் ஒரு சின்ன வளைவு கொடுக்க வேண்டும், ஓலை வளைகிற அளவுக்கு, அப்போது இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் செய்கிற இன்னொரு தப்பு, இரட்டையைத் திருப்ப ஒரு விதம், ஒற்றையைத் திருப்ப வேறு விதம் என்று வைத்திருப்பது. முதலில் சாதாரணமாக ஒரு சீட்டை நீங்கள் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கவனித்துவிட்டு, அதே மாதிரி இரண்டைத் திருப்பப் பழகுங்கள். சுண்டுவிரல் இடைவெளியை, அதாவது மேல் இரண்டு சீட்டுக்கு அடியில் சுண்டுவிரலால் வைத்துக்கொள்ளும் சின்னப் பிளவை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள், பேச்சுக்கு நடுவே கட்டைத் தட்டிச் சீராக்குகிற சாக்கில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பார்க்கவே கூடாது, நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதைத்தான் அவர்களும் பார்ப்பார்கள்.

சீட்டு எது? கடை வாசலில் தொங்கும் மலிவுக் கட்டு என்றால் நாலு மாதம் அல்ல, நாலு வருடம் ஆனாலும் வராது. நம் ஊர் ஈரக் காற்றுக்குக் காகிதச் சீட்டு உப்பிவிடும், ஆடியபிறகு பெட்டியில் போட்டு மேலே ஒரு கனமான புத்தகம் வையுங்கள். அகலமும் பார்க்க வேண்டும். போக்கர் சீட்டு இரண்டரை அங்குலம், பிரிட்ஜ் சீட்டு இரண்டே கால். கை சின்னதென்றால் இரண்டாவது வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

1922ல் சிகாகோவில் டை வெர்னன் என்பவர் பெரிய வித்தைக்காரரான ஹூடினிக்கே இந்த மாதிரி, நடுவில் வைத்த சீட்டு மேலே வரும் வித்தையைத்தான் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டியும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. நீங்கள் ஒரே தடவையில் ஒரு குழந்தையிடம் மாட்டியிருக்கிறீர்கள்.

என் அனுபவம்: எட்டு வருடமாகச் செய்கிறேன், யாரும் கண்டுபிடித்ததில்லை.

சும்மா பார்க்க வந்தவன்:

@விரல்வித்தை, யாரும் கண்டுபிடித்ததில்லையா, யாரும் உங்களிடம் சொன்னதில்லையா?

வெற்றிலைக் கவுளி:

மேலே இருப்பவர் கேட்டது சரியான கேள்வி. நானும் சொல்கிறேன், இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

கல்யாணமாகிப் புதுச்சேரி வந்த புதிதில் கையில் சீட்டுக்கட்டோடு இருக்கும் மருமகளை இந்த வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஆணாக இருந்தால் வித்தைக்காரன், பெண்ணாக இருந்தால் சீட்டாடுகிறவள், அவ்வளவுதான் உலகம். கடலூருக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் ஃபேரோ பழகுவேன், பாதிக் கட்டையும் மறுபாதியையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்க்கிற ஷஃபிள். மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி பிசகாமல் எட்டுத் தடவை கோர்த்தால் 52 சீட்டும் பழைய வரிசைக்கே வந்துவிடும். கணக்கு அது. எனக்கு ஐந்தாவது தடவையிலேயே எங்காவது இரண்டு சீட்டு சேர்ந்து விழுந்துவிடும், தவளக்குப்பத்தில் பிரேக் போட்டால் மொத்தமும் போச்சு.

டபுள் லிஃப்ட் மட்டும் வீட்டில்தான். சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு சீட்டைப் பிரிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன், ஒன்று வரும், இல்லாவிட்டால் மூன்று வரும். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். "என்னத்த நோண்டுற?" என்றார். இரண்டு இரண்டாக எடுக்கணும் அத்தை, வரமாட்டேங்குது என்றேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டை வாங்கினார். கட்டைவிரலை ஓரத்தில் வைத்து ஒரு தள்ளு, இரண்டு. மறுபடி இரண்டு. இரண்டு, இரண்டு, இரண்டு. கண் கீரைக்கட்டு மேலே இருக்கிறது, விரல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. நான் எடுத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

அவர் பெரிய மார்க்கெட்டில் இருபது வருடம் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். கவுளி கவுளியாக ஜோடி ஜோடியாக எண்ணிப் போட்ட விரல். எனக்கு அது தெரியும், ஆனால் அன்றுவரை அதை நான் ஒரு வித்தையாக நினைத்ததே இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:

அம்மா, உங்கள் மாமியாரை எங்கள் தெரு ரம்மிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

விரல்வித்தை:

அது கணக்குப் பிள்ளை முறை, வங்கி கேஷியர்களும் அப்படித்தான் எண்ணுவார்கள். எடுப்பது வேறு, ஒன்று மாதிரி காட்டித் திருப்புவது வேறு. திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

வெற்றிலைக் கவுளி:

சொன்னேன். "எதுக்குத் திருப்பணும், ரெண்டுன்னு தெரியுதுல்ல?" என்றார்.

கடற்காற்று:

@விரல்வித்தை, கடலைப் பார்த்துத்தான் நின்றேன், தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதுகைக் காட்டி நின்றால் எதிரில் இருப்பவர்கள் என் சீட்டையா பார்ப்பார்கள், எனக்குப் பின்னால் கடலைத்தான் பார்ப்பார்கள். வளைவு கொடுப்பது நல்ல யோசனை, நேற்று மாடியில் செய்து பார்த்தேன், பிரியவில்லை.

அப்புறம் ஒன்று. அக்கா மகள் அரைப் பரீட்சை லீவுக்கு வந்தாள். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், அந்த ஏழு விஷயத்தை யாரிடமாவது சொன்னாயா பாப்பா என்று. அப்பாவிடம் சொல்லவில்லையாம். "அப்பாவுக்குப் பிடிச்சிருந்துச்சே மாமா" என்றாள், அப்பளத்தை உடைத்துக்கொண்டே.