காட்டு வாத்தை நேரில் கண்டவர்கள் சொல்லுங்கள்

நாவற்குழியான்:
தை மாதக் கடைசி, விடியக்காலை. அரிவு வெட்டின வயலில் மாட்டுக்கு வைக்கோல் கட்டப் போயிருந்தேன். நல்ல பனிமூட்டம். வரம்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பெரிய பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆடு மாதிரித்தான், தலையைக் குனிந்து புல்லைப் பிய்த்துப் பிய்த்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புக் கோடு. ஒன்று மேயும்போது மற்றது கழுத்தை நட்டுக்கொண்டு நிற்கும். பிறகு ஆள் மாறும்.

படம் எடுக்கக் கிட்டப் போனேன். பின்னால் வீட்டு நாயும் வந்ததைக் கவனிக்கவில்லை. அது பாய்ந்ததும் ஒன்று எழும்பிவிட்டது. மற்றது எழும்ப முடியாமல் ஒரு பக்கச் செட்டையை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் ஓடியது. நாயைப் பிடித்துக் கட்டிவிட்டேன், அது வேறு. மேலே எழும்பினது போகவில்லை. என் தலைக்கு மேலேயே வட்டம் அடித்தது. மூக்கால் கத்துவது போல, "ஆங்... ஆங்" என்று. அரை மணித்தியாலம் இருக்கும். பற்றைக்குள் இருந்து ஒரு பதிலும் வரவில்லை.

இரண்டு வருடமாகிறது. படம் ஒன்றும் இல்லை. வீட்டில் சொன்னால் தாராவைப் பார்த்துவிட்டு வந்து கதை அளக்கிறான் என்கிறார்கள். இங்கே யாராவது கண்டிருக்கிறீர்களா?

பறவைப்பித்தன்:
தம்பி, குறை நினைக்க வேண்டாம். வீட்டார் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் சுண்டிக்குளத்தில் ஒரு பின்னேரம் ஊசிவால் தாராக் கூட்டத்தைப் பார்த்து, பொழுதுபட்ட வெளிச்சத்தில் வாத்து என்றே நம்பிவிட்டேன். என் கதை அவ்வளவுதான்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். எங்கள் ஊரில் தாரா (duck) வேறு, வாத்து (goose) வேறு. தமிழ்நாட்டார் இரண்டையும் வாத்து என்றுதான் எழுதுவார்கள். வலையில் தேடுகிற பெடியள் குழம்புவது அதனால்தான். மாரியில் எங்கள் கடல்நீரேரிகளுக்கு வருவதெல்லாம் தாரா: ஊசிவால், நீலச்சிறகி, நாமத்தலை. ஊசிவாலின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோ. நீங்கள் சொல்வது வரித்தலை வாத்து. அது இரண்டு, மூன்று கிலோ வரும், விரித்த செட்டை ஒன்றரை மீற்றர். மொங்கோலியா, திபெத்து, லடாக்கில் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு இந்தியாவுக்கு இறங்கும். தெற்கே திருநெல்வேலி கூந்தன்குளம் வரை வழக்கமாக வரும். இலங்கைக்கு வருவது மிக அரிது.

இனிமேல் கண்டால்: நாயைக் கூட்டிப் போக வேண்டாம். நேராக நடக்க வேண்டாம், வேறு எங்கோ போகிறவர் போலச் சாய்வாகப் போங்கள். கழுத்தை நிமிர்த்திவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள், அடுத்த அடியில் எழும்பிவிடும். காயப்பட்டதென்றால் துணியால் மூடித் தூக்கி, காற்றோட்டமுள்ள மட்டைப்பெட்டியில் இருட்டில் வையுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது. 2005இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்தன. அதில் பெரும்பங்கு இந்த வரித்தலை வாத்துத்தான். பாணும் போட வேண்டாம். அதோடு ஒரு நல்ல தொலைநோக்கி வாங்குங்கள், 8 மடங்கு பெருப்பிப்பது போதும்.

கிடுகுவேலி:
அண்ணை, அவர் தொலைநோக்கி கேட்டாரா?

காட்டு வாத்து நான் கண்டதில்லை. அம்மம்மா வீட்டில் ஒரு சேவல் வாத்து நின்றது. கோழியை அடைக்கு வைத்துப் பொரிப்பித்த முட்டை. ஓடு உடைத்து வெளியே வந்ததும் முதலில் கண்டது என் தம்பியின் முகத்தைத்தான் போல, அதுக்குப் பிறகு அவன்தான் தாய். அவன் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு, கோயிலுக்குப் போனால் கோயில் வாசலுக்கு. வேறு ஆள் படலையைத் திறந்தால் கழுத்தை நிலத்தோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும். தபால்காரர் வெளியிலேயே நின்று மணி அடிப்பார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணச் சனம் ஒரேயடியாக இடம்பெயர்ந்த இரவு. யாழ்ப்பாணத்தார்க்கு நான் விளக்கத் தேவையில்லை. மழை. தம்பியை ஐயா சைக்கிள் பாரில் வைத்திருந்தார். படலையைக் கட்டிவிட்டுத்தான் வெளிக்கிட்டோம், வேலிப் பொட்டுக்குள்ளால் வந்துவிட்டது. ஒழுங்கை முடக்கு மட்டும் ஓடி வந்தது. பெரிய தெருவில் ஏறினதும் சனம். திரும்பிப் பாராதே என்று அம்மா சொல்லச் சொல்லத் தம்பி திரும்பிப் பார்த்தான். ஆட்களின் கால்களுக்கு நடுவே வெள்ளைக் கழுத்து மட்டும் தெரிந்தது.

1996 சித்திரையில் வந்தபோது படலையே இல்லை. தம்பி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பிள்ளைகள் வளர்ப்புப் பிராணி கேட்டால் மீன் வாங்கிக் கொடுக்கிறான்.

ஸ்காபரோ மருமகன்:
நான் பிறந்தது கோப்பாய், இப்போது கனடா. இங்கே வாத்து அதிசயமில்லை, தொல்லை. கறுத்தக் கழுத்து, தாடையில் வெள்ளைப் பட்டை. வசந்த காலத்தில் கடை வாகனத் தரிப்பிடத்தில்கூட முட்டை இடும். ஊரில் இருந்து வந்த மாமியை ஒருநாள் மரக்கறிக் கடைக்குக் கூட்டிப் போனேன். சேவல் வாத்து தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வருகிறது. நான் காருக்குள் பாய்ந்துவிட்டேன். மாமி சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரில் கோழி கலைக்கிற மாதிரி "சூய், போ அங்கால" என்றார். வாத்து நின்றது. மாமியும் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் பின்வாங்கினது வாத்து. மாமி இன்றைக்கும் எந்தக் கலியாண வீட்டிலும் இதைச் சொல்லுவார், நான் காருக்குள் இருந்த கதையோடு.

நாவற்குழியான் தம்பி கண்ட மற்ற வாத்து காயப்பட்டதாக இருக்காது. ஆனி, ஆடியில் இங்குள்ள பூங்காக்களில் வாத்தெல்லாம் நடந்தே திரியும். யாரோ செட்டையை வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பறக்கிற இறகு முழுவதும் ஒரேயடியாக உதிர்ந்து, புதிது முளைக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும், மனதைப் போட்டு அலட்ட வேண்டாம்.

பறவைப்பித்தன்:
மருமகன், தை மாதத்தில் வாத்துக்கு இறகு உதிராது. குஞ்சு வளர்க்கிற காலத்தில், பொரிக்கிற இடத்திலேயே உதிர்த்து முளைத்து முடித்துவிட்டுத்தான் வலசை கிளம்பும். பறக்க முடியாததென்றால் வயலுக்கு வந்ததே எப்படி?

அப்போ வாத்து என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டாம். வாத்தாக இருந்தால் என்றுதான் சொல்கிறேன்.

பயோப்பிள்ளை:
பறவைப்பித்தன் அங்கிள், இமயமலையைத் தாண்டுகிற பறவைக்குப் பாக்குநீரிணை ஒரு கடலா? செயற்கைக்கோள் கருவி பூட்டி விட்டபோது 7,290 மீற்றர் உயரத்தில் ஒரு வரித்தலை வாத்து பதிவாகியிருக்கிறது. நம் ஆட்கள் அங்கே நடந்தாலே மூச்சு வாங்கும். அதன் குருதியில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுக்கிப் பிடிக்கும், மூச்சும் ஆழமாக இழுக்கும். ஆனால் எப்போதும் அவ்வளவு உயரத்தில் பறக்காது. மலை ஏறினால் தானும் ஏறி, மலை இறங்கினால் தானும் இறங்கி, நிலத்தை ஒட்டித்தான் போகும். உயரத்திலேயே நிற்பதைவிட அது செலவு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூட என்பதால் இரவிலும் விடியவும்தான் பெரும்பாலும் கடக்கும்.

என் அனுபவம் சின்னது, அதுவும் வாத்து இல்லை. சரசாலையில் போர்க்காலத்தில் செல் (எறிகணை) பட்டுத் தலை முறிந்த பனை ஒன்றின் பொந்தில் சீழ்க்கைத் தாரா கூடு வைத்திருந்தது. கீழே தாய் நின்று கூப்பிட, குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. பஞ்சு மாதிரி விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, நடந்தன. ஏழாவது மட்டும் விளிம்பில் நின்றுகொண்டே இருந்தது. எனக்கு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது. அது குதித்ததா என்று இன்றுவரை தெரியாது.

பறவைப்பித்தன்:
முடியாது என்று நான் சொல்லவில்லை பிள்ளை. கூந்தன்குளத்தில் சாப்பாடு கிடைக்கும்போது இங்கே வர என்ன தேவை என்றுதான் கேட்கிறேன். நாவற்குழியான் தம்பி, சரி, ஒன்று சொல்லுங்கள். இறகு, எச்சம் ஏதாவது கிடைத்ததா? இறகு இருந்தால் அளந்து படம் போடுங்கள், ஒரு முடிவுக்கு வரலாம்.

நாவற்குழியான்:
அன்று பின்னேரம் ரோர்ச் லைற்றோடு போனேன். பற்றை முழுவதும் தேடினேன். இரத்தமும் இல்லை, பறவையும் இல்லை. வயலில் பச்சையாக, சுருட்டு மாதிரி நீள எச்சம் நிறையக் கிடந்தது. மேலே கத்தினதும் வரவில்லை. அடுத்த நாலு நாளும் வைக்கோல் சாட்டில் போனேன், கொக்குத்தான் நின்றது.

இறகு ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறம், என் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை வரும். பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டதும் எடுக்கப் போனேன், காணவில்லை. விசாரித்தால் ஐயா காது குடைய நல்லாக இருக்கிறது என்று இரண்டு துண்டாக வெட்டிவிட்டாராம். நுனித் துண்டு மட்டும் இருக்கிறது. அளந்து போடட்டுமா?