கழுகுமலைக்கு வண்டியில் போக வழி சொல்லுங்கள் மக்களே

மார்த்தாண்டத்திலிருந்து காரில் கழுகுமலை போய் வெட்டுவான் கோவில் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அம்மைக்கு மூட்டுவலி, கூடவே இரண்டு வாண்டுகள். சிதறால் மலைக்கோவிலும் திருநந்திக்கரை குகைக்கோவிலும் நமக்குப் பக்கம், பலமுறை பார்த்தாயிற்று, ஆனால் 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, விமானத்தை அவ்வளவு நுணுக்கமாக முடித்துவிட்டு, அடிப்பகுதியை அப்படியே விட்டுப்போன அந்த வேலையை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதே மலையில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன, சிதறால் தீர்த்தங்கரர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை (வீட்டில் யாருக்கும் இல்லை, அது வேறு விஷயம்).

சரி, கேள்விக்கு வருகிறேன். திருநெல்வேலி தாண்டியபிறகு கோவில்பட்டி வரை போய்த் திரும்புவதா, கயத்தாறு பக்கமே பிரிந்து போனால் சாலை பரவாயில்லையா? மூட்டுவலிக்காரர் மெதுவாக ஏறிவிடுகிற மாதிரி படிகள் இருக்கிறதா, கைப்பிடி உண்டா? சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? அப்புறம், மதியம் நல்ல சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? சமீபத்தில் போனவர்கள் சொன்னால் நல்லது, கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நான் நம்புவதில்லை.