வாடகை வீட்டின் இழுகுழாயில் டிஷ்வாஷரை இணைக்க வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். டொரோண்டோவில் ஒரு வாடகை அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். மூட்டுவலியுள்ள என் அம்மா வேளைதோறும் சிங்க் முன்னால் நின்று பாத்திரம் துலக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், சக்கரம் வைத்த டிஷ்வாஷர் ஒன்றை வாங்கியிருக்கிறேன்.

சாதாரணக் குழாயாக இருந்தால், நுனியிலுள்ள ஏரேட்டரை (நீரில் காற்றைக் கலக்கும் சிறு வலைமூடியை) கழற்றிவிட்டு, 15/16 அங்குல வெளிமரையும் 55/64 அங்குல உள்மரையும் கொண்ட அடாப்டரை, அதாவது இயந்திரத்தின் இணைப்பானை மாட்ட உதவும் இடைத்துண்டை, திருகினால் போதும். எங்கள் வீட்டிலோ தலைப்பகுதியைக் கீழே இழுத்துத் தெளிக்கும் வகைக் குழாய் உள்ளது. கழுவி முடியும்வரை குழாயைத் திறந்தே வைக்க வேண்டும் என்பதாலும், இயந்திரம் தண்ணீரை உள்ளிருந்து நிறுத்தும்போதெல்லாம் முழு அழுத்தமும் அந்தத் தலைப்பகுதிக்கு நீர் கொண்டுவரும் மெல்லிய வளைகுழாயின் மேல் விழும் என்பதாலும், அதில் மாட்ட அச்சமாக உள்ளது. அது வெடித்தால் கீழ்வீட்டுக் கூரையும் நனைந்துவிடும்.

உரிமையாளரின் அனுமதியுடன் மரையுள்ள எளிய குழாயைப் பொருத்திவிட்டு, காலி செய்யும்போது பழையதை மாட்டிக்கொடுப்பது ஒரு வழி. சிங்க்குக்கு அடியிலுள்ள 3/8 அங்குல வெந்நீர் வால்வில் டீ இணைப்பு (நீரை இரு வழியாகப் பிரிக்கும் T வடிவத் துண்டு) வைப்பது மற்றொன்று. ஆனால் எங்கள் இயந்திரத்தில் தண்ணீர் வருவதும் கழிவுநீர் போவதும் ஒரே இணைப்பான் வழியாக என்பதால், அதைப் பிரித்துக் கழிவுக்குழாயைத் தனியே சிங்க்கில் விட வேண்டியிருக்கும்.

இவற்றுள் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள், எது கசிவின்றி நீடித்தது என்றும், உரிமையாளரிடம் அனுமதியை எழுத்தில் எப்படிப் பெற்றீர்கள் என்றும் தயவுசெய்து விளக்குங்கள்.