பெரட்டு, எம்டன், கூப்பன்: எந்தச் சொல் எந்த யுத்தத்தில் வந்தது?

கொட்டகலை வாசகி

வணக்கம். இலங்கை மலையகப் பேச்சுவழக்குக்கு ஒரு சிறு சொல்தொகுப்பு தயாராகிறது. மூன்று சொற்களில் முடிவுக்கு வரமுடியவில்லை. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைச் சொல்லும் 'பெரட்டு', 1944இல் நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைப் பூங்காவில் தலைமையகம் வைத்தபோது பட்டாளத்திடமிருந்து வந்தது என்கிறார் ஒருவர். தேயிலைக் கொழுந்தைப் பெரட்டிப் போடுவதிலிருந்து வந்தது என்கிறார் இன்னொருவர். தந்திரக்காரனைச் சொல்லும் 'எம்டன்' எமகண்டன் என்பதன் திரிபாம். அரிசிப் பங்கீட்டுச் சீட்டான 'கூப்பன்' 1970களின் பஞ்சத்தில் பிறந்ததாம். எதை எழுதலாம், எதை விடலாம்? காரணத்தோடு சொல்லுங்கள்.

செக்ரோல்

பெரட்டு 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான். ஆனால் மவுண்ட்பேட்டனுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதலில் ஓசையைப் பாருங்கள். டகர மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லை நம் பேச்சு 'ட்டு' என்று முடிக்கும். ரோட் 'ரோட்டு' ஆனது. ஆஸ்பத்திரி வார்ட் 'வாட்டு' ஆனது. அதே வழியில்தான் பரேட் 'பெரட்டு'.

அடுத்தது பொருள். காலையில் தப்படித்து ஆட்களைக் கூட்டி, எந்த மலைக்கு யார் என்று பிரித்து, செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் போடும் இடம் பெரட்டுக்களம். ஆள் எண்ணி வேலை பிரிப்பதுதான் அங்கே நடப்பது. பட்டாள அணிவகுப்பின் வேலையும் அதுவே. ஒரு நாள் வேலையையே 'பேர்' என்றும் பாதி நாளை 'அரைப்பேர்' என்றும் சொல்கிறோமே, அந்த வழக்கும் இந்தக் கணக்கெடுப்பில் பிறந்ததுதான். 'புரட்டு' என்ற வினையோடு ஓசை ஒத்துப்போவதால் கொழுந்துக் கதை கிளம்பியிருக்கிறது. கொழுந்தைப் பெரட்டுவது பாக்டரிக்குள். பெரட்டுக்களத்துக்கு வரும்போது கூடை வெறுமையாக அல்லவா இருக்கும்?

1944க் கதை காலக்கணக்கிலேயே விழுந்துவிடுகிறது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல். கோப்பித் தோட்டங்கள் அதற்கும் முந்தியவை. தினமும் காலையில் செய்யும் வேலைக்கு முக்கால் நூற்றாண்டாகப் பெயரில்லாமல் இருந்து, பேராதனைக்கு வந்த அதிகாரிகளிடம் கடன் வாங்கினார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. தொரைமார் (தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்) தமிழ் படிக்கவென்று அச்சான பழைய கைநூல்களில் இந்தச் சொல்லைத் தேடி, கிடைக்கும் ஆண்டைப் பதிவில் சேருங்கள்.

ஊவாக்காற்று

எம்டன் உண்மையிலேயே யுத்தச் சொல், ஆனால் முதலாம் உலகப் போருடையது. 1914 செப்டெம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டு, பிடிபடாமல் நழுவியது. பிறகு இலங்கைக் கரையோரமாகவும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னைத் தாக்குதலுக்குச் சில நாட்கள் முன்பு வங்காள விரிகுடாவில் அது மூழ்கடித்த டிப்ளோமட் என்ற கப்பல் ஏற்றிவந்தது தேயிலை; இந்தத் தகவலை மலையகத் தொகுப்பு விட்டுவிடக் கூடாது. நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதன் கதையை முடித்தது. பிடிபட்ட மாலுமிகளைக் கொழும்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் வந்து, காரியத்தை முடித்து, கைக்கு அகப்படாமல் போகிறவன் எம்டன் ஆனது இப்படித்தான்.

எமகண்டன் கதையை எழுத்தே மறுக்கிறது. தமிழில் டகரத்துக்கு முன் வரும் மூக்கொலி 'ண்': வண்டு, கண்டம், துண்டு. 'ம்ட' என்ற கூட்டு தமிழ்ச் சொல்லில் வராது. வந்தால் வெளியிலிருந்து வந்தது. மலையாளத்தில் இதே சொல் 'எமண்டன்' என்று ஓசை மாறி, மிகப் பெரியது என்ற பொருளில் வழங்குகிறது. 'எமகாதகன்' என்ற பழைய சொல் பக்கத்தில் இருந்ததால் எம்டனின் பொருள் தந்திரக்காரன் பக்கம் இன்னும் சாய்ந்திருக்கலாம். அதற்கு மேல் எமனுக்கு இதில் பங்கில்லை.

மாத்தளைப் பாதை

அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதையும் சேர்க்கலாமே? தமிழர் எல்லோரும் அறிந்த செய்தி.

ஊவாக்காற்று

சேர்க்க வேண்டாம், ஐயா. எம்டன் சீனக் கரையிலுள்ள சிங்டாவிலிருந்து புறப்பட்டு, பசிபிக் வழியாக வந்த கப்பல். அந்தச் செப்டெம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான இந்திய ஆதரவுக் குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பேர்லினுக்குப் போனார். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அவருடைய உண்மையான போராட்டமே பெரியது. அவர் ஏறாத கப்பலில் அவரை ஏற்றத் தேவையில்லை. 'இப்படியொரு நம்பிக்கை உண்டு' என்று தனி வரியில் எழுதினால் தவறில்லை.

அரைக்கொத்து

கூப்பனுக்கு ஆண்டு 1942. நம் அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. அந்த மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அதன் பிறகு அரிசிப் பங்கீடு, ஆளுக்கு ஒரு புத்தகம், கடையில் கிழித்துக்கொள்ளும் கூப்பன். அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்து, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ரொட்டி அன்றாட உணவானதும் இதன் தொடர்ச்சிதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், யுத்தம் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து என்ற அளவுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் என்ற பொது வேலைநிறுத்தம் வெடித்தது. 1979இல் உணவு முத்திரை வரும்வரை புத்தகம் கையில் இருந்தது. 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது கூப்பன்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த நினைவு ஆழமானது, அதனால் சொல்லின் பிறப்பையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள். தொகுப்பில் 'தோற்றம் 1942' என்று ஒரு வரி, 1970களின் வழக்குக்கு இன்னொரு வரி என்று பிரித்துப் போடுங்கள்.

கொட்டகலை வாசகி

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. 'லயம்' குதிரை லாயத்திலிருந்து வந்ததா? தோட்டத்து மக்களை ஏசும் 'கள்ளத்தோணி' யுத்தகாலத்தில் படகில் தப்பி வந்தவர்களைக் குறித்ததா?

செக்ரோல்

லயம், 'லைன்'. வரிசையாகக் கட்டிய படைவீரர் குடியிருப்பை ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வார்கள். லைன், லயன், லயம் என்று வந்தது. லயன் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 10க்கு 12 அடிக் காம்பரா என்ற ஒற்றை அறையில் ஒரு குடும்பத்தை அடைத்ததைப் பார்த்தவர்களுக்கு லாயம் நினைவுக்கு வந்தது நியாயம். அதைச் சொற்பிறப்பாக எழுதாமல், மக்கள் கொடுத்த விளக்கமாக எழுதுங்கள்.

மாத்தளைப் பாதை

கள்ளத்தோணி பற்றிய அந்த விளக்கத்தை அச்சிடவே கூடாது. தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தது அரசும் தோட்ட முதலாளிகளும், பதிவோடு. மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்து, 1914க்குப் பிறகு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலில் ஏற்றினார்கள். 1939 ஆகஸ்டில் தொழிலாளர் வருவதை இந்தியாவே தடை செய்தது. அதனால் யுத்த ஆண்டுகளில் புதிதாக ஆள் சேர்ப்பே இல்லை.

கடல் கடப்பதைக் குற்றமாக்கியது யுத்தத்துக்குப் பிந்திய சட்டம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்டது. உறவு பார்க்கப் போய்வந்த பழைய கடல்வழி அன்றிலிருந்து கள்ள வழி. அந்தப் பெயரைத்தான் தோணியே ஏறாதவர்கள்மீதும், இங்கேயே பிறந்தவர்கள்மீதும் ஏவினார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டு, மீதி 1,50,000 பேரைப் பின்னுக்கு வைத்த நாட்களிலும் இந்த வசை தெருவில் ஒலித்தது.

பதிவில் 'வசைச்சொல்' என்ற குறிப்பு முதலில் வரட்டும். அதன் பின் இரண்டு சட்டங்களின் இலக்கமும் ஆண்டும். எடுத்துக்காட்டு வாக்கியம் போடுவதானால், ஏவியவர் வாயிலிருந்து வேண்டாம், கேட்டவர் வாயிலிருந்து எடுங்கள்.